டிவி புதுசு, வயர் பழசு

பொள்ளாச்சியிலிருந்து ஒரு கேரவன் எங்கள் பட்டறைக்கு வந்தது. ஒரு காலத்தில் சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு ஓடிய வண்டி. இப்போது குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காக ஒருவர் வாங்கியிருந்தார். படுக்கை, சின்ன சமையல் மேடை, கழிவறை, ஏசி எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. மூலையில் ஒரு மரப்பெட்டிக்குள் 21 இன்ச் பிக்சர் டியூப் டிவி மட்டும், கல்யாண வீட்டுக்கு வந்து ஊருக்குத் திரும்பாத பெரியப்பா மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்ணா, இதைக் கழட்டிப்போட்டு 32 இன்ச் எல்இடி ஒண்ணு மாட்டோணும். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுருமுங்களா?"

"மாட்டறது ஒரு மணி நேரந்தானுங்க. பின்னாடி இருக்கற வயரைப் பாக்கோணும். அதுக்கு எவ்வளவு நேரமாகும்னு இப்பச் சொல்ல முடியாதுங்க."

பில்லை ஏற்ற அடி போடுகிறான் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, எங்கள் தொழிலில் அப்படிப்பட்டவர்களும் உண்டு. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளைச் சுற்றியே வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்த்து வருகிறேன். டிவி மாற்ற வந்த வண்டிகளில் டிவியால் வந்த வில்லங்கம் குறைவு. டிவிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்ததுதான் ஆளைப் பயமுறுத்தியிருக்கிறது.

இந்த வண்டியிலும் அதேதான். பெட்டியை வெளியே இழுத்துப் பார்த்தால், பின்பக்கத் தகட்டில் ஓர் ஓட்டை, அதன் வழியாக வயர். ஓட்டையில் ரப்பர் புஷ் போடவில்லை. பல வருட ஆட்டத்தில் தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்து, உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது. பேட்டரி வயராக இருந்தால்கூடப் பரவாயில்லை, இது 230 வோல்ட் லைன். முன்பு ஜெனரேட்டர் வண்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது. புது ஓனர் வீட்டு வாசலில் நிறுத்தி, ஏசி போடுவதற்காக வீட்டு பிளக்கிலிருந்து லைன் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வயரைக் காட்டிய பிறகுதான் சொன்னார்: "மழை ஈரத்துல படிக்கட்டுக் கம்பியப் புடிச்சா சில சமயம் சுள்ளுங்குமுங்ணா. ஏசில ஏதோ கோளாறுன்னு நெனச்சு உட்டுட்டேன்."

அந்தச் 'சுள்' ஏன் வருகிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். வண்டி நிற்பது ரப்பர் டயர் மேல். உள்ளே லைன் வயர் தகட்டைத் தொட்டால், முழு பாடிக்கும் கரண்ட் ஏறிவிடும். ஆனால் தரைக்கு இறங்க வழி கிடையாது. அதனால் ஃபியூஸ் போகாது, எம்சிபி (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானாக விழும் சுவிட்ச்) விழாது, உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று ஒருவர் படிக்கம்பியைப் பிடிக்கும்போது அவர் உடம்புதான் அந்த வழி. நல்ல எர்த் வயர் வீட்டு எர்த்தோடு சேர்ந்திருந்தால், தகடு தொட்டதுமே கரண்ட் அந்த வழியாக இறங்கியிருக்கும், எம்சிபி விழவும் வாய்ப்பு இருந்திருக்கும். இந்த வண்டியின் எக்ஸ்டென்ஷன் வயர் முனையில் இரண்டு பின் பிளக்தான் இருந்தது. எர்த் என்ற பேச்சே இல்லை.

செய்தது இதுதான். வெளி லைன் உள்ளே நுழையும் இடத்தில் மூன்று பின் இண்டஸ்ட்ரியல் இன்லெட் (ஆண் பின் வண்டிப் பக்கம் இருப்பது) போட்டு, எர்த் வயரைச் சேசிஸில், அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தில், பெயிண்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு முறுக்கினோம். அதற்கு அடுத்தபடியாக 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி. லைனில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பி வரும் கரண்டும் சமமாக இல்லையென்றால், அந்தக் காணாமல் போன கரண்ட் யாரோ ஒருவர் உடம்பு வழியாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டு சட்டென்று வெட்டிவிடும் கருவி அது. வீட்டில் இருக்கிறதே என்று விட வேண்டாம், வண்டிக்குள்ளும் ஒன்று வேண்டும். ஒரு எச்சரிக்கை: பேட்டரி கரண்டை 230 வோல்ட் ஆக்கும் இன்வெர்ட்டரிலிருந்து வரும் லைனை அது அப்படியே காப்பாற்றிவிடாது. பல இன்வெர்ட்டர்களில் நியூட்ரல் எதனோடும் சேராமல் மிதக்கும். அதைப் பாடியோடு சேர்க்கலாமா கூடாதா என்பதை அந்த இன்வெர்ட்டரின் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கையேடு இல்லையென்றால் கை வைக்காதீர்கள்.

இன்வெர்ட்டர் லைனும் வெளி லைனும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. நடுவில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் விடுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஆண் பின் வைத்த வயரைச் சொருகி வேலையை முடிக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வயரை எங்கே கண்டாலும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பேன்.

சரி, பேட்டரிப் பக்கம் வருவோம். டெம்போ டிராவலர் போன்ற வேன்களில் 12 வோல்ட். பெரிய பஸ் சேசிஸில் 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக. 24 இன்ச் அளவுள்ள சின்ன டிவிகள் பலவும் 12 வோல்ட் அடாப்டரோடு வருகின்றன. அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து டிவிக்குக் கொடுப்பது டூரிஸ்ட் பஸ்களில் சர்வ சாதாரணம். டிவி ஓடும். அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆனால் என்ஜின் ஓடும்போது பேட்டரியை ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் இரண்டு பேட்டரியையும் ஒன்றாக நினைத்து 28 வோல்ட் சுமார் ஏற்றுகிறது. டிவியும் ஆம்ப்ளிஃபயரும் லைன் எடுத்த அந்த ஒரு பேட்டரியை மட்டும் குடித்துக்கொண்டிருக்கும். அது எப்போதும் அரைகுறையாக நிற்கும், மற்ற பேட்டரிக்கு அளவுக்கு மீறி ஏறும். ஒன்று சல்ஃபேட் பிடித்துச் சாகும், இன்னொன்று கொதித்துத் தண்ணீர் வற்றிச் சாகும். ஓனர் பேட்டரிக் கம்பெனியைத் திட்டிக்கொண்டு ஜோடியை மாற்றுவார், அடுத்த ஜோடிக்கும் அதே கதிதான். சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வந்த கல்யாண வண்டி ஒன்று இப்படித்தான் அதிகாலையில் மண்டப வாசலில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் இறங்கித் தள்ளினார்களாம். இதற்கு மருந்து 24 வோல்ட்டை 12 ஆக்கும் டிசி கன்வெர்ட்டர் ஒன்று. அதன் விலை ஒரு பேட்டரியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

12 வோல்ட் வண்டியிலும் நேராகக் கொடுக்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், செல்ஃப் அடிக்கும்போது 10க்குக் கீழே விழும். ஓட்டத்தில் பேட்டரி டெர்மினல் லூசாகி விட்டால் ஆல்டர்னேட்டர் ஒரு கணம் பல மடங்கு எகிறும், டிவி போர்டு அத்தோடு காலி. உள்ளே எது வந்தாலும் வெளியே 12 மட்டும் விடுகிற ரெகுலேட்டர் நடுவில் இருக்கட்டும். அப்புறம், அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். சில டிவிகளுக்கு 19 வோல்ட் வேண்டும்.

32 இன்ச் என்றால் பெரும்பாலும் 230 வோல்ட்தான், எனவே இன்வெர்ட்டர். வீட்டு லைன் மாதிரியே அலை கொடுக்கிற பியூர் சைன் வேவ் வாங்குங்கள். மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் பல டிவிகள் ஓடத்தான் செய்கின்றன, ஆனால் ஸ்பீக்கரில் 'ங்ஙொய்' என்ற இரைச்சலோடு, பவர் போர்டு சூடேறியபடி. எல்இடி டிவி 40 முதல் 60 வாட் எடுக்கும். பழைய 21 இன்ச் பெட்டி 70, 80 வாட் தின்றது. அந்த விதத்தில் மாற்றுவது லாபம்தான்.

வயர் தடிமன் விஷயத்தில் மட்டும் யாரும் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம். 60 வாட் என்றால் 12 வோல்ட்டில் 5 ஆம்ப். பேட்டரியிலிருந்து டிவி இருக்கும் இடம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், போக வர 20 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் வழியிலேயே 1.7 வோல்ட் தொலைந்துவிடும். 2.5 போட்டால் 0.7 வோல்ட்தான். ராத்திரி வண்டியை நிறுத்திப் படம் பார்க்கும்போது பாதியில் டிவி அணைகிறது என்று வருகிற புகார்களில் பலவற்றுக்கு இந்த ஒல்லி வயர்தான் காரணம். ஃபியூஸை டிவி பக்கத்தில் வைக்காமல் பேட்டரி பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். ஃபியூஸ் டிவியை விட அந்த 10 மீட்டர் வயரைத்தான் காக்கிறது. ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுருட்டி வைத்திருந்த வண்டியும் வந்தது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை, டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ்வளவுதான்.

இனி மாட்டுகிற வேலை. 21 இன்ச் பெட்டி இருந்த பொந்தில் 32 இன்ச் போகாது. பழையது 4:3, திரையின் அகலம் 43 சென்டிமீட்டர் அளவுதான். 32 இன்ச் அகலத்திரைக்கு 71 சென்டிமீட்டர். 24 இன்ச்சுக்கே 53 வேண்டும், அதோடு ஓரச் சட்டமும் சேரும். டிவி வாங்கிய பிறகு டேப் எடுக்கிறார்கள். அப்புறம் "அந்தப் பில்லரைக் கொஞ்சம் அறுத்துக்கலாமுங்களா" என்று கேட்கிறார்கள். கூடாதுங்க. வண்டி கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவது அந்தச் சதுர பைப்தான்.

உள்ளே தெரிவது ப்ளைவுட். அதில் வெறும் மர ஸ்க்ரூ போட்டு டிவியைத் தொங்கவிட்டால் வீட்டில் நிற்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. ஒவ்வொரு வளைவிலும் ஸ்க்ரூ ஒரு மயிரிழை தளர்ந்தாலும், மேலே போய்ச் சேரும்போது டிவி யாருடைய மடியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. காந்தத்தை வைத்துப் பின்னால் இரும்பு பைப் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அதில் தகடு வைத்து, போல்ட், ஸ்பிரிங் வாஷர், ஆட்டத்தில் கழலாத நைலாக் நட் போட்டு முறுக்க வேண்டும். துளை போடும் முன் பின்னால் வயர், ஏசி கேஸ் பைப் இருக்கிறதா என்று ஒரு பக்கப் பேனலைக் கழற்றியாவது பாருங்கள். டிவி முதுகில் இருக்கும் நான்கு துளைக்கு, கம்பெனி சொன்ன நீளத்துக்கு மேல் ஸ்க்ரூ போட்டால் பேனலே உடையும். மடக்கி நீட்டும் ஸ்டாண்டாக இருந்தால், ஓடும்போது பூட்டி வைக்கும் பின் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

5 கிலோ எல்இடிதானே என்று அலட்சியம் வேண்டாம். பலமான மோதலில் ஒரு பொருளின் எடை ஒரு கணத்துக்கு 20 மடங்கு ஆவதெல்லாம் சாதாரணம், அப்போது அது 100 கிலோ. பழைய 20 கிலோ பெட்டிக்குக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் அது குழந்தைகளின் தலைக்கு மேல் இருந்தது.

டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் திரை வேண்டாம். வழி பார்க்கும் மேப் தவிர, ஓட்டும்போது வீடியோ பார்க்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளிலேயே இருக்கிறது.

வெயில் ஒன்று. கரூர் பரமத்தியில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி தாண்டுவது செய்தியே அல்ல. மூடி நிறுத்திய வண்டிக்குள் அதைவிட எவ்வளவோ ஏறும். டிவிகளைப் பெரும்பாலும் 40 டிகிரி வரை ஓட்டலாம் என்றுதான் கம்பெனிகள் குறிப்பிடுகின்றன. வெயிலில் கிடந்த வண்டியைத் திறந்ததும் ரிமோட்டைத் தேடாமல், ஜன்னலைத் திறந்து கொஞ்சம் ஆறவிட்டு அப்புறம் போடுங்கள். கூரை ஓரத்தில், வெளித்தகட்டோடு ஒட்டி டிவி மாட்டுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஆன்டனாவைப் பற்றிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொடைக்கானல் டிவி டவர் வந்த புதிதில் நம் ஊர்களில் கூரைக்கு மேல் ஆன்டனாவை அந்தத் திசைக்குத் திருப்பி வைத்து, "தெரியுதா, தெரியுதா" என்று கத்திய ஆட்கள்தான் நாங்களும். வண்டியில் இன்று பென் டிரைவ் அல்லது போன் ஹாட்ஸ்பாட் போதும். சாதாரண டிஷ், நிறுத்திய இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும்.

பழைய டிவியைக் கழற்றும்போது தயவுசெய்து திறக்காதீர்கள். கலர் பிக்சர் டியூப்பில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த டியூப்பில் மிச்சம் நிற்கும். எடை முழுவதும் கண்ணாடிப் பக்கம், அதனால் தூக்கும்போது திரை நம் நெஞ்சைப் பார்த்து இருக்க வேண்டும், இரண்டு ஆள் வேண்டும். காயலான் கடைக்காரருக்கு வேண்டியது உள்ளே இருக்கும் செம்புச் சுருள் மட்டும். அதை எடுத்துக்கொண்டு டியூப்பை உடைத்து ஓடை ஓரத்தில் கொட்டிவிடுவார்கள். அந்தப் பின்பக்கக் கண்ணாடியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஈய ஆக்சைடு இருக்கிறது. பதிவு பெற்ற மின்கழிவு எடுப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்கழிவு விதிகளும் நடைமுறையில் உள்ளன.

பொள்ளாச்சிக்காரர் மத்தியானத்துக்குப் பதில் மறுநாள் சாயங்காலம் வண்டியை எடுத்தார். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அவரையே அமுக்கச் சொன்னேன். டப்பென்று விழுந்ததும் திடுக்கிட்டு, "இதை மாசாமாசம் அமுக்கோணுமுங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். அவருடைய பெட்டி டிவி இன்னும் என் பட்டறையின் பின்னால்தான் இருக்கிறது. அரசு கொடுத்த 14 இன்ச் ஒன்றும் வேறு இரண்டும் அதோடு துணைக்கு இருக்கின்றன. ஒரு லோடு சேர்ந்ததும் ஏற்றி அனுப்ப வேண்டும்.