இறுக்கினால் உயராது: குதிரைவால் கட்டும் பெண்களுக்கு
யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தன் கோயிலில் திருவிழாக் கொடியேறிவிட்டால் 25 நாட்களுக்கு எங்கள் அழகு நிலையத்தில் வேலை ஓயாது. அந்த நாட்களில் வரும் இளம்பெண்கள் பலரிடம், நெற்றியின் இரு ஓரங்களிலும் தலைமயிர் மெலிந்து, பூனைமயிர் போன்ற குட்டை இழைகள் மட்டும் எஞ்சியிருப்பதைக் காண்கிறேன். பரம்பரையாக இருக்கலாம் என்று தாய்மார் நினைக்கிறார்கள். "பிள்ளை ஒவ்வொரு நாளும் எப்பிடித் தலை கட்டுறவ?" என்று கேட்டால், "உச்சியிலை இறுக்கிக் குதிரைவால்தான் போடுறவ" என்ற பதில் வருகிறது.

இது இழுவையால் ஏற்படும் மயிருதிர்வு. ஒரே இடத்தில் நாள்தோறும் இழுபடும் மயிர்க்கால்கள் முதலில் வலிக்கும்; பிறகு அவற்றைச் சுற்றிச் சிறு பருக்கள் தோன்றலாம்; அதன் பின் மயிர் மெலியும். தொடக்கத்தில் இழுவையை நிறுத்தினால் மீண்டும் வளரும், ஆனால் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகி, அந்த இடம் நிரந்தரமாக வெறுமையாகிவிடும். மாலையில் கட்டை அவிழ்த்ததும் "அப்பாடா" என்று தலை இலேசானால், அது இறுக்கம் கூடிவிட்டதற்கான அடையாளம். பருவோ மெலிவோ தெரிந்தால் எண்ணெய் மாற்றிப் பார்த்துக் காலத்தைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்தான் வளர்கிறது. இழந்த ஓரம் மீண்டும் கட்டுக்குள் அடங்கும் நீளத்தை எட்ட ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும்.

பெண்கள் ஏன் இறுக்குகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். முழுக் கூந்தலின் பாரத்தையும் ஒரே றப்பர் பாண்ட் தாங்கும்போது மதியத்துக்குள் கட்டு தளர்ந்து சரிகிறது. சரிந்ததை மீண்டும் இழுத்து முறுக்குகிறார்கள். உயரம் இறுக்கத்தால் வருவதன்று, பாரத்தைப் பிரிப்பதால் வருவது. ஒரு காதின் மேலிருந்து மறு காதின் மேல்வரை உச்சிக்குப் பின்னால் ஒரு வகிடு எடுத்து, மேற்பகுதியைத் தனியாகக் கட்டுங்கள். பிறகு, கூரை முகட்டைப் பார்ப்பதுபோல் தலையை நிமிர்த்தி, பிடரிப் பகுதியை மேல்நோக்கிச் சீவி, முதற் கட்டுக்குச் சற்றுக் கீழே இரண்டாவது கட்டைப் போடுங்கள். மேல் வால் கீழ் வாலை மூடி விழுவதால், பார்ப்பவருக்கு ஒரே குதிரைவாலாக, நீண்டும் அடர்ந்தும் தெரியும். மேற்கட்டின் அடிப்புறத்தில் இரண்டு சிறிய ஊசிகளை நெடுக்காகச் செருகினால் வால் தலையோடு ஒட்டாமல் நிமிர்ந்து நிற்கும்.

எந்த உயரத்தில் கட்டுவது என்று கேட்பவர்களுக்கு, நாடியிலிருந்து காதின் மேல்நுனி வழியாக உச்சிக்குச் செல்லும் சாய்கோட்டைக் காட்டுவேன். அந்தக் கோடு முடியும் இடத்தில் கட்டு அமைந்தால் முகம் எடுப்பாக இருக்கும். கட்டிய பின், சீப்பின் காம்பால் உச்சி மயிரை இங்கொன்றும் அங்கொன்றுமாக மெல்ல நெகிழ்த்துங்கள். நெற்றியோரமும் இதனால் இளகும். கடைகளில் பொதி கட்டும் மெல்லிய றப்பரைத் தலைக்குப் பாவிக்கவே வேண்டாம். துணி சுற்றிய பட்டியே போதும்.

அடர்த்தி காட்டுவதற்காக மயிரைச் சீப்பால் வேரை நோக்கித் திருப்பிச் சீவுகிறார்கள். அப்படிச் சீவும்போது மயிரின் மேற்செதில்கள் உரசிக் கிளம்பி, மயிர் முறிகிறது. திருமண வீடு போன்ற ஒரு நாளுக்கு உச்சியின் உட்படையில் மட்டும் செய்யலாம், நாளாந்தம் செய்யக்கூடாது. அதைவிட எனக்குப் பிடித்தது, பாடசாலைப் பிள்ளைகளின் இரட்டைப் பின்னல். இரவில் தளர்வாகப் பின்னி, காலையில் அவிழ்த்தால் கிடைக்கும் அலையே வாலை இருமடங்காகக் காட்டும்.

முழுகிய உடனே கட்டாதீர்கள். ஈரமயிர் எளிதில் இழுபட்டு அறுந்துவிடும். முழுகிய மறுநாள், வேரில் எண்ணெய் இல்லாத தலைதான் கட்டுக்கு நன்கு பிடிக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் படிவது போலவே, சவர்க்காரத்தோடு சேர்ந்து மயிரிலும் படிந்து அதைச் சொரசொரப்பாக்குகிறது. தலைக்குச் சவர்க்காரத்தைத் தவிர்த்து ஷாம்பு போடுங்கள். மழைநீர் சேர்த்து வைத்திருப்பவர்கள் கடைசி அலசலுக்கு அதைப் பாவித்தால் வேறுபாடு கையில் தெரியும்.

ஸ்கூட்டியில் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உயரக் கட்டிய வாலின் மேல் தலைக்கவசம் சரியாக அமராது. அதனால் அதை முன்னுக்குத் தள்ளி ஏதோ மாட்டியிருப்பவர்களைப் பலாலி வீதியில் காணும்போது நெஞ்சு பதைக்கிறது. போகும்போது தாழ்வாகப் பின்னிக்கொண்டு, சேர்ந்த இடத்தில் உயர்த்திக் கட்டுங்கள். இரண்டு கட்டுக்கும் ஐந்து நிமிடம் போதும்.

இரவில் கட்டோடு படுக்க வேண்டாம். முதலில் ஊசிகளை எடுத்து, பட்டி சிக்கியிருந்தால் இழுக்காமல் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். மறுநாள் கட்டுவதாயின், கட்டின் இடத்தைப் பிடரிப் பக்கம் மாற்றுங்கள்.