மலைநாட்டு மழையில் பைக் ஓட்டுபவரின் சப்பாத்து

‘வோட்டர்புரூப்’ என்று நம்பி விலை கொடுத்து வாங்கிய சப்பாத்து, கினிகத்தேனையில் ஏறி வட்டவளை வருவதற்குள் நனைந்துவிட்டது என்ற முறைப்பாட்டை எங்களிடம் பைக் ஓட்டும் பயிற்சிக்கு வருபவர்களிடம் அடிக்கடி கேட்கிறோம். கழற்றிப் பார்த்தால் அடியிலும் தையலிலும் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. தண்ணீர் வந்த வழி மேலே இருக்கிறது.

பைக்கில் உட்கார்ந்ததும் முழங்கால் மடியும். மழைக் காற்சட்டையின் கால் எட்டுப் பத்து சென்ரிமீற்றர் மேலே ஏறிவிடும். நெஞ்சிலும் தொடையிலும் அடிக்கிற மழை கெண்டைக்கால் வழியாக ஓடி நேரே சப்பாத்தின் வாய்க்குள் இறங்கும். சப்பாத்து நல்லதாக இருந்தால் இன்னும் மோசம்: உள்ளே போனது வெளியே வராது. ஆகவே காற்சட்டையின் நீளத்தை நின்று பார்க்காதீர்கள், வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். கால் மடிந்த நிலையிலும் அதன் ஓரம் கணுக்கால் எலும்பைத் தொட வேண்டும். குட்டையாக இருந்தால் தையல்காரரிடம் கொடுத்து மழை அங்கித் துணியில் ஒரு சாண் ஒட்டுப் போடலாம். ஓரத்தில் வெல்க்ரோ பட்டி ஒன்று வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காற்றில் படபடத்து சைலன்சரில் ஒட்டி உருகும். காற்சட்டை சப்பாத்துக்கு வெளியேதான் விழ வேண்டும். உள்ளே செருகுவது தண்ணீருக்குப் பீலி வைத்துக் கொடுப்பது போல.

நனைந்த கால் வெறும் அசௌகரியம் என்று நினைப்பவர்கள் கண்டியிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுவதை யோசிக்க வேண்டும். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலிருந்து 1,868 மீற்றருக்குப் போகிறீர்கள். ஆயிரம் மீற்றருக்கு ஆறரை பாகை வீதம் கணக்குப் பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒன்பது பாகை குளிர் கூடும். அதற்கு மேல் ஓட்டத்தின் காற்று. ஈரக் கால் விறைத்துவிட்டால் பின் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று பாதத்துக்குத் தெரியாது. ஈர வளைவில் பின் சில்லு பூட்டிக்கொண்டு சறுக்க அதுவே போதும்.

என்ன வாங்குவது? தோட்டப் பக்கம் பலரும் போடுவது கம்பூட்ஸ். தண்ணீரை அதுபோல் தடுப்பது வேறொன்றும் இல்லை, விலையும் குறைவு, அட்டையும் ஏறாது. கொழுந்து மலைக்கு அதுதான் சரி. பைக்குக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வாய் அகலம், குதிகால் பிடிப்புக் கிடையாது, விழுந்தால் காலை விட்டுக் கழன்று போகும், கணுக்காலுக்கு ஒரு காப்பும் இல்லை. பருத்த முனை கியர் லீவருக்கு அடியில் நுழையாமல் இடிக்கும். மலிவான பீவீசி அடி குளிரில் இறுகி, ஈர இரும்பில் வழுக்கும். ஓடுவதற்கான விளையாட்டுச் சப்பாத்துகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மேல்பக்க வலைத்துணியே பதில்.

மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்தவற்றில் பார்க்க வேண்டியது ஈஎன் 13634 என்ற ஐரோப்பியத் தர எண். சப்பாத்தில் உள்ள மோட்டார் சைக்கிள் படத்தின் கீழே ஒன்று அல்லது இரண்டு என நான்கு இலக்கங்கள் இருக்கும், இரண்டுதான் கூடியது. வரிசையாக அவை சப்பாத்தின் உயரம், உராய்வு தாங்கும் திறன், வெட்டுத் தாங்கும் திறன், பக்கவாட்டில் நசுங்காத விறைப்பு. கடைசி இலக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் மெதுவாகப் போய் விழுபவரின் பாதம் வண்டிக்கும் தாருக்கும் நடுவில் அகப்படும். அந்தப் பாரத்தைத் தாங்குவது இந்த விறைப்புத்தான். நீர்த்தடுப்பு தனியாகச் சோதிக்கப்படுகிறது. டபிள்யூஆர் என்ற குறி இல்லாவிட்டால் இந்தத் தர எண் மழையைப் பற்றி எந்த உறுதியும் தரவில்லை.

அந்த விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. தினமும் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் வேலைக்குப் போய் வருபவருக்கு, எஸ்3 என்ற பாதுகாப்புத் தரக் குறியுள்ள தோல் வேலைச் சப்பாத்து நியாயமான நடுவழி. முனையில் 200 ஜூல் அடி தாங்கும் கவசம், ஆணி ஏறாத அடி, தண்ணீரை எளிதில் உறிஞ்சாத மேல்தோல் எல்லாம் இருக்கும். மேல்தோல் தடுக்கும் என்பதால் முழுச் சப்பாத்தும் தடுக்கும் என்று எடுக்கக் கூடாது. தொடர்மழையில் தையல் வழியாகக் கசியும். கணுக்கால் எலும்புக்கு மேல் நான்கு விரலாவது ஏறி நிற்பதாக எடுங்கள். நாக்கு இரு பக்கமும் மேல்வரை தோலோடு தைக்கப்பட்டிருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். அந்தத் தையல் எந்த உயரத்தில் முடிகிறதோ, அதுவரைதான் சப்பாத்துக்கு நீர்த்தடுப்பு.

அளவு பார்ப்பதைப் பின்னேரத்தில் வையுங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். மழையில் போடப்போகும் தடித்த காலுறையோடு போய், கட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் இடம் வேண்டும். நடக்கும்போது குதிகால் அரை சென்ரிமீற்றருக்கு மேல் எழும்பக் கூடாது. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் அகலமாக இருப்பது வழக்கம். ஒடுங்கிய இறக்குமதிச் சப்பாத்து பக்கத்தில் நெருக்கும். ஓர் அளவு பெரியதாக எடுத்துச் சமாளிக்காதீர்கள், அப்போது நீளம் கூடிப் பிரேக்கில் தட்டும். அகலமான அச்சில் செய்ததைத் தேடுங்கள். நெருக்கமான சப்பாத்து இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், எத்தனை காலுறை போட்டாலும் விரல் குளிரும்.

பிறகு வண்டியில் ஏறிக் கியர் மாற்றிப் பாருங்கள். கவச முனை லீவருக்கு அடியில் நுழையாமல் இடித்தால், லீவரை அது செருகியிருக்கும் பல் வைத்த தண்டில் ஒரு பல் மேலே தூக்கிப் போடலாம். இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது. அது தண்டின் பள்ளத்தின் வழியாகப் போவதால் முழுதாகக் கழற்ற வேண்டும். லீவரை இழுத்தெடுத்து, ஒரு பல் தள்ளிச் செருகி, திரும்ப இறுக்குங்கள். பின் பிரேக் மிதியின் உயரத்தையும் அதே நேரத்தில் சரி பாருங்கள். தடித்த அடியோடு பாதம் ஓய்வாக இருக்கும்போது மிதியில் பட்டுக்கொண்டே இருந்தால் பிரேக் சூடேறும். பின்னால் உள்ள பிரேக் விளக்கு அணையாமல் எரிவது அதற்கு அறிகுறி. சப்பாத்துக் கயிற்றின் முனைகளை எப்போதும் உள்ளே செருகுங்கள். கால் மிதியில் கயிறு சிக்கினால், நிற்கும் இடத்தில் கால் தரைக்கு வராது.

வாங்கியதும் ஒரு சோதனை. உள்ளே டிஷ்யூத் தாளை அடைத்து, ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீர் உள்ள பேசினில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். தாள் எந்த இடத்தில் நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. முனையிலும் அடி ஒட்டிலும் என்றால் மாற்றிக் கேளுங்கள். தையலில் மட்டும் என்றால் தேன்மெழுகு கலந்த சப்பாத்து மெழுகை விரலால் தேய்த்து அடைக்கலாம். தேங்காய் எண்ணெய் பூசுவதை விட்டுவிடுங்கள். அது தோலை மிருதுவாக்கிக் கணுக்காலின் பிடியைத் தளர்த்திவிடும்.

காலுறையில் பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி கலந்தது நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். நுவரெலியாவில் ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் விற்கும் கடைகளில் தேடிப் பார்க்கலாம். அவசரத்துக்குப் பொலித்தீன் பை என்றால் மெல்லிய காலுறைக்கு மேலே, சப்பாத்துக்கு உள்ளே போடுங்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்குத் தாங்கும். வெளியே கட்டினால் கால் மிதியில் வழுக்கும். நீரிழிவு உள்ளவர்கள் ஒவ்வொரு முறையும் போடுமுன் கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு ஒரு சிறு கல்லே புண்ணாகும்.

உலர்த்துவதில்தான் நல்ல சப்பாத்துகள் பலவும் சாகின்றன. அடுப்பங்கரையில், புகைக்கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் தோல் சுருங்கும், அடியின் பசை விடும். உள் அட்டையை வெளியே எடுத்துவிட்டு, பழைய பத்திரிகைத் தாளை அடைத்து, ஒரு மணி நேரத்தில் அதை மாற்றி, இரவுக்குப் புதுத் தாள் வைத்துக் காற்றோட்டமான நிழலில் விடுங்கள். மூடுபனி நாட்களில் இரண்டு நாள்கூட ஆகும். உள் அட்டை இன்னொரு சோடி வைத்திருப்பது சிறு செலவில் பெரிய உதவி. பூஞ்சணம் படிந்தால் வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடையுங்கள்.

பொலியூரிதேன் அடியுள்ள சப்பாத்தை ‘நல்லது’ என்று எடுத்துப் பத்திரமாக அலுமாரியில் வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தப் பொருள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, போடாமலே இருந்தாலும் சில வருடங்களில் சிதையும். நம் ஈரத்தில் இன்னும் வேகமாக. நடு வழியில் அடி துண்டு துண்டாகக் கழன்று விழும். பழைய சரக்கோ பாவித்ததோ வாங்கும்போது அடியை நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலும், வெடிப்பு விட்டாலும் வேண்டாம். வேலைச் சப்பாத்துகளில் தயாரித்த காலம் பொறிக்கப்பட்டிருக்கும், பேரம் பேசுமுன் அதைத் தேடிப் படியுங்கள்.