தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை: வர்ஜீனியாவின் 1662 சட்டம்

1662 டிசம்பரில், அமெரிக்காவில் ஆங்கிலேயக் காலனியாக இருந்த வர்ஜீனியாவின் சட்டமன்றம் சில வரிகளே கொண்ட ஒரு சட்டத்தைப் போட்டது. இங்கே பிறக்கும் குழந்தை அடிமையா, சுதந்திரமானதா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. இதுதான் அதன் சாரம். அந்தக் காலனியில் ஆப்பிரிக்கர்கள் பட்ட பாட்டைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான சட்டம் இல்லை என்றே சொல்வேன்.

இங்கிலாந்தின் வழக்கம் நேர்மாறானது. அங்கே பிள்ளைக்குத் தகப்பனின் நிலைதான். கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளையாக இருந்தாலும் வளர்ப்புச் செலவைத் தகப்பன் தலையில் கட்டுவார்கள். அப்படியிருக்க, அதே ஆங்கிலேயர்கள் இங்கே ஏன் விதியைத் தலைகீழாக்கினார்கள்?

1619 ஆகஸ்ட் இறுதியில் 'ஒயிட் லயன்' என்ற கப்பல், அங்கோலாவில் பிடிபட்ட இருபது சொச்சம் பேரை வர்ஜீனியாவின் பாயின்ட் கம்ஃபர்ட்டில் இறக்கி, உணவுப்பொருளுக்கு மாற்றிக்கொண்டது. அடிமை முறைக்கென்று தனிச் சட்டம் அப்போது அங்கே இல்லை. அதனால் ஆளுக்கு ஆள் நிலைமை மாறியது. 1621இல் வந்த அந்தோனி ஜான்சன் பிற்பாடு விடுதலையாகி, 1651இல் 250 ஏக்கர் நிலம் பெற்றார். ஆனால் 1640இல் மூன்று வேலையாட்கள் ஒன்றாகத் தப்பி ஓடிப் பிடிபட்டபோது, வெள்ளையர் இருவருக்கும் ஊழியம் செய்ய வேண்டிய ஒப்பந்தக் காலத்தை நீட்டியதோடு சரி. ஜான் பஞ்ச் என்ற கறுப்பருக்கு மட்டும் ஆயுள் முழுக்க ஊழியம். 1643இல் போட்ட வரிச் சட்டத்தில் ஆப்பிரிக்கப் பெண்களுக்கும் தலைவரி வந்தது. ஆங்கிலேயப் பெண்களுக்கு அது இல்லை.

அப்புறம்தான் எலிசபெத் கீயின் வழக்கு. தாய் ஆப்பிரிக்க அடிமை. தகப்பன் தாமஸ் கீ ஆங்கிலேயர், சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1636இல் ஒன்பது வருட ஒப்பந்தத்தில் சிறுமியை வேறொருவரிடம் ஒப்படைத்தார். ஒன்பது வருடம் பத்தொன்பது ஆகியும் விடுதலை கிடைக்கவில்லை. 1655இல் கடைசி எஜமான் இறந்ததும், அவருடைய சொத்தைக் கவனித்தவர்கள் எலிசபெத்தை அடிமையாகவே கணக்கில் எழுதினார்கள். அவர் கைக்குழந்தையோடு நீதிமன்றம் போனார். எண்பது வயது எலிசபெத் நியூமன் வந்து, இந்தப் பெண்ணுக்குத் தகப்பன் கீதான், அதற்காக அவருக்கு அபராதமும் விதித்தார்கள் என்று சாட்சி சொன்னார். தகப்பன் சுதந்திரமான ஆங்கிலேயர், நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவள், ஒப்பந்தக் காலமும் முடிந்துவிட்டது: இந்த மூன்று வாதங்களால் 1656இல் எலிசபெத் வென்றார்.

அந்த வாசல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதைப் பாருங்கள். 1662 சட்டம் தகப்பன் பெயரைச் செல்லாக்காசாக்கியது. 'ஆங்கிலேயருக்குக் கறுப்புப் பெண்ணிடம் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சந்தேகங்கள் எழுந்துள்ளன' என்றே அது தொடங்குகிறது. 1667இல் இன்னொரு சட்டம்: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான்.

நடைமுறையில் இதன் பொருள் கொடுமையானது. எஜமானே ஒரு பெண்ணைக் கெடுத்தாலும் பிள்ளைக்கு அவர் பொறுப்பல்ல. மாறாக, அந்தப் பிள்ளை அவருடைய சொத்தில் சேரும். பிறக்காத பிள்ளைக்கும் உரிமையாளர் தயாராக இருந்தார். உயில்களில் இன்ன பெண்ணும் 'அவளுக்கு இனிப் பிறப்பவையும்' இன்ன மகனுக்கு என்று எழுதிவைத்தார்கள். பகலெல்லாம் புகையிலைக் காட்டில் வேலை செய்த தாய்க்குத் தன் பிள்ளையை யாருக்கு விற்பார்கள் என்று கேட்கும் உரிமைகூட இல்லை.

தாய் வெள்ளைக்காரியாக இருந்தால் பிள்ளைக்குச் சுதந்திரம்தானே? அதற்கும் 1691இல் ஒரு சட்டம் வந்தது. கறுப்பருக்குப் பிள்ளை பெற்ற ஆங்கிலேயப் பெண் 15 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும், இல்லையேல் ஐந்து வருடம் ஊழியம் செய்ய வேண்டும். பிள்ளையை 30 வயது வரை வேலையாளாகக் கட்டிப்போட்டார்கள். பெயரளவில் சுதந்திரம், இளமை முழுக்க ஊழியம்.

தலைமுறைகள் போகப் போக விதி இன்னும் வினோதமானது. பிற்பாடு அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சனின் வீட்டில் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் தகப்பனும் வெள்ளையர், தாய்வழித் தாத்தாவும் வெள்ளையர். ஆனாலும் தாய்வழிப் பாட்டி ஆப்பிரிக்க அடிமை என்பதால் சாலியும் அவர் பிள்ளைகளும் அடிமைகளாகவே பிறந்தார்கள்.

இதே விதியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர்களும் உண்டு. தாய்வழியில் ஒரு சுதந்திரமான பெண்ணைக் காட்டிவிட்டால் அடுத்தடுத்த தலைமுறைக்கும் விடுதலை. 1806இல் ரைட் குடும்பத்துப் பெண்கள், தங்கள் தாய்வழி சுதந்திரமான ஒரு அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணிடமிருந்து வருகிறது என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். அந்தத் தீர்ப்பு கூடவே ஒன்றைச் சொன்னது: பார்வைக்கு வெள்ளையராகவோ பூர்வகுடியாகவோ இருந்தால், அவரை அடிமை என்று நிரூபிப்பது எஜமானின் வேலை, ஆப்பிரிக்கராகத் தெரிந்தால், தான் சுதந்திரமானவர் என்று அவரேதான் நிரூபிக்க வேண்டும்.

மற்ற ஆங்கிலேயக் காலனிகளுக்கும் பரவிய இந்தத் தாய்வழி விதி, அமெரிக்காவில் 1865இல் அந்நாட்டு அரசியல் சாசனத்தின் 13வது திருத்தம் அடிமை முறையை ஒழித்த பிறகே முழுமையாக முடிவுக்கு வந்தது.