கைக்குழந்தையோட பீச்சுக்குப் போறதுக்கு முன்னாடி

மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அஞ்சு மாசக் கொழந்தை ஒண்ண தூக்கிட்டு ஒரு அம்மாவும் பாட்டியும் என் கிளினிக்குக்கு ஓடி வந்தாங்க. பெசன்ட் நகர் பீச்சுக்கு மூணரை மணிக்கே போயிருக்காங்க, வெயில் படக்கூடாதுன்னு ஸ்ட்ரோலர் மேல ஒரு துண்டைப் போட்டு சுத்தி மூடி வெச்சிருக்காங்க, முதல்ல கொஞ்ச நேரம் அழுதானாம், அப்புறம் சத்தமே இல்ல, சரி தூங்கிட்டான்னு விட்டுட்டாங்க. கிளம்பும்போது தூக்குனா கை கால் துவண்டு கெடக்கு, உடம்பு கொதிக்குது, டயபர் மதியத்துல இருந்து காய்ஞ்சே இருக்கு. ஆஸ்பத்திரியில சேர்த்து ட்ரிப்ஸ் ஏத்தி நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டான். ஆனா அந்தப் பாட்டி "புள்ள மேல ஒரு பொட்டு வெயில் கூட படலயே டாக்டர்"னு திரும்பத் திரும்ப சொல்லிட்டே இருந்தாங்க. உண்மைதான், வெயில் படல, காத்தும் படல.

இதைத்தான் பெத்தவங்க முதல்ல புரிஞ்சுக்கணும். கைக்குழந்தைக்கு எடையோட ஒப்பிட்டா தோல் பரப்பு நம்மள விட அதிகம், அதனால வெளிச்சூடு சீக்கிரம் உள்ள ஏறும், நம்ம அளவுக்கு வேர்த்து அந்த சூட்டை வெளிய தள்ளவும் முடியாது. தாகமா இருக்குன்னு சொல்லத் தெரியாது, போட்டிருக்க சட்டையக் கழட்டத் தெரியாது, தெரிஞ்சதெல்லாம் அழுகை ஒண்ணுதான், சூடு ரொம்ப ஏறிட்டா அதுக்கும் தெம்பு இருக்காது. அதனால பீச்சுல கொழந்தை திடீர்னு அமைதியாயிட்டா சந்தோஷப்படாதீங்க, தொட்டுப் பாருங்க, எழுப்பிப் பாருங்க, டயபரைப் பாருங்க. உச்சிக்குழி வழக்கத்த விட உள்வாங்கி இருக்கு, வாய் காய்ஞ்சிருக்கு, பால் குடிக்க மாட்டேங்குது, ஆறு மணி நேரமா ஒண்ணுக்கே போகல, இதுல எது இருந்தாலும் நேரா டாக்டர்கிட்ட. எழுப்பினாலும் சரியா முழிக்கலன்னாலோ உடம்பு தீயாக் கொதிச்சாலோ உடனே 108 கூப்பிடுங்க, வண்டி வர வரைக்கும் நிழல்ல வெச்சு, துணியெல்லாம் கழட்டி, சாதாரண தண்ணியில நனைச்ச துணியால துடைச்சு விசிறிட்டே இருங்க. ஐஸ் தண்ணி வேண்டாம்.

ஸ்ட்ரோலரை துணி போட்டு மூடாதீங்க, மெல்லிசு துணியா இருந்தாலும் உள்ள காத்து நின்னு போயி அடுப்பு மாதிரி ஆயிடும். பெரிய குடை, நாலு பக்கமும் தொறந்திருக்கணும். துப்பட்டா மூடி பால் குடுக்கும்போதும் இதே கவனம் வேணும், கொழந்தை மூஞ்சிக்கு காத்து வர மாதிரி ஒரு பக்கம் விட்டு வைங்க.

நேரம்தான் பாதி பாதுகாப்பு. நமக்கு சூரியன் கடல்லயே உதிக்குது, விடிஞ்சதும் போயிட்டு எட்டு மணிக்குள்ள திரும்பிடலாம், சாயங்காலம்னா அஞ்சரைக்கு மேல போங்க. மே மாசத்துல சில நாள் கடல் காத்து வரவே ரொம்ப லேட் ஆகும், அன்னிக்கு நாலு மணிக்குப் போனா அனல்லதான் உக்காரணும். மணல் கொழந்தைக்குத் தாங்குமான்னு புறங்கைய அஞ்சு செகண்ட் வெச்சுப் பாருங்க, உங்களால முடியலன்னா அதுக்கும் முடியாது.

ஆறு மாசத்துக்குக் கீழ சன்ஸ்க்ரீன் வேண்டாம், நிழலும் லூசான முழுக்கை காட்டன் சட்டையும் ஒரு தொப்பியும் போதும். ஆறு மாசம் தாண்டினா ஜிங்க் ஆக்சைடு இருக்க எஸ்பிஎஃப் 30 கிரீம், மூஞ்சி, காது, கால்னு வெளிய தெரியற இடத்துல தடவி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திரும்பப் போடுங்க. தேங்காய் எண்ணெய் தடவிட்டு கூட்டிட்டு வராங்க, அது வெயிலுக்குப் போதாது, மணல்தான் அப்பிக்கும். கண் மையும் வேண்டாம், வேர்வையில கரைஞ்சு கண்ணு கரிச்சா கொழந்தை மணல் கையாலேயே கசக்கும். திருஷ்டிப் பொட்டு வெச்சே ஆகணும்னா பாதத்துல வைங்க. மணல் உதிரட்டும்னு பவுடர் கொட்டுறதையும் விட்டுடுங்க, அந்தத் தூசி மூச்சுல போகும், ஈரத்துணியே போதும்.

ஆறு மாசம் ஆகாத கொழந்தைக்கு தண்ணி, இளநீர் எதுவும் கிடையாது, வழக்கத்த விட அடிக்கடி பால் குடுங்க, பால் குடுக்கிற அம்மா ஒரு பாட்டில் தண்ணிய தீத்துடணும். பெரிய கொழந்தைங்களுக்கு வீட்டுல காய்ச்சி ஆறவெச்ச தண்ணி. சுண்டலை மட்டும் விளையாட்டுக்குக் கூட கையில குடுக்காதீங்க. ஒரு பட்டாணி மூச்சுக்குழாய்ல மாட்டி, மயக்க மருந்து குடுத்து எடுக்க வேண்டி வந்த கொழந்தைய நான் பார்த்திருக்கேன், அந்த அப்பாவோட மூஞ்சிய மறக்கவே முடியல. வேர்க்கடலை, சோளமும் அப்படித்தான். இன்னொண்ணு யாரும் யோசிக்கறதில்ல, பலூன் சுடுற கடைகிட்ட வெடிச்ச பலூன் துண்டு மணல்ல கெடக்கும், தவழுற கொழந்தை எடுத்து வாயில போட்டா பட்டாணிய விட மோசம், தொண்டைய அப்படியே அடைச்சிடும். பாய் விரிக்கறதுக்கு முன்னாடி அந்த இடத்த ஒரு தடவ கையால துழாவுங்க.

"கால் மட்டும் நனைக்கலாம்"னு எல்லாருக்கும் ஆசை, போட்டோவும் எடுக்கணும். மெரினாவுல குளிக்கறதுக்கே தடை இருக்கு, இழுப்பு அப்படி. அலை திரும்பும்போது நம்ம காலடி மணலையே உருவிட்டுப் போகும், கொழந்தைய இடுப்புல வெச்சுட்டு பேலன்ஸ் போச்சுன்னா அவ்வளவுதான். ஒரு பக்கெட்ல கொஞ்சம் கடல் தண்ணி மொண்டு வந்து பாய் மேலயே கால நனைங்க, அந்த சிரிப்பு அப்பவும் வரும். கரையில ஒதுங்கின சொறி மீன், அதான் ஜெல்லி ஃபிஷ், செத்திருந்தாலும் கொட்டும், தொட விடாதீங்க.

கார்ல தூங்குது, அஞ்சு நிமிஷத்துல பஜ்ஜி வாங்கிட்டு வந்துடுறேன்னு பூட்டிட்டுப் போகவே போகாதீங்க. வெயில்ல நிக்கிற காருக்குள்ள பத்தே நிமிஷத்துல பத்து டிகிரி வரைக்கும் ஏறும், கண்ணாடிய கொஞ்சம் எறக்கி விட்டாலும் பெரிய வித்தியாசம் இல்ல.

வீட்டுக்கு வந்ததும் குளிக்க வெச்சு தொடை மடிப்பு, கழுத்து மடிப்புல இருக்க மணல தண்ணி ஊத்தியே கழுவுங்க, தேச்சா தோல் வழண்டுடும். நம்ம பீச்சுல நாய்ங்க அதிகம், அதுங்க மலத்துல வர கொக்கிப்புழு மணல்ல இருக்கும், அதனாலதான் வெறும் மணல்ல உக்கார வைக்காம கெட்டியான பாய் விரிக்கச் சொல்றேன். சில நாளோ சில வாரமோ கழிச்சு பாதத்துலயோ பின்பக்கத்துலயோ செவப்பா வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு வந்து, அது தினம் கொஞ்சம் நகர்ந்து, கொழந்தை ராத்திரி தூங்காம சொறிஞ்சா அது அந்தப் புழுதான், மருந்து இருக்கு, கடையில களிம்பு வாங்கித் தடவிப் பார்த்து நாளக் கடத்தாம காட்டிடுங்க, காட்டும்போது பீச்சுக்குப் போனதையும் மறக்காம சொல்லுங்க.