பைக்கை ஆல்டர் பண்ணலாமா? ஆர்.சி. புக்கில் இருக்கிறது பதில்

புது வண்டி ஷோரூமை விட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் சைலன்சர் மாறியிருக்கும், பின்சக்கரத்துச் சேலை கார்டு பரண் ஏறியிருக்கும், நம்பர் பிளேட் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ‘எல்லாரும் போடுறாங்க, ஒண்ணும் ஆகாது’ என்பார் பொருள் விற்பவர். ‘கம்பெனி கொடுத்ததைத் தவிர எதையும் மாட்டக் கூடாது’ என்பார் வண்டியை ஓரங்கட்டிய போலீஸ்காரர். இரண்டு பேருமே சட்டத்தை முழுதாகச் சொல்வதில்லை.

சட்டம் என்பது இங்கே மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதன் 52-வது பிரிவுதான் ஆல்டரேஷனைப் பற்றிப் பேசுகிறது. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். எதை ‘மாற்றம்’ என்று சொல்வது என்பதையும் அந்தப் பிரிவே விளக்கிவிடுகிறது. வண்டியின் அமைப்பில் கைவைத்து, அதனால் அதன் அடிப்படைத் தன்மையே மாறினால்தான் அது ஆல்டரேஷன். ஆகவே மொபைல் ஹோல்டர், டேங்க் பேட், சீட் கவர் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. சேசிஸை அறுத்துப் பின்பக்கத்தைக் குட்டையாக்கி, ‘பாபர்’ (bobber) ஸ்டைல் என்று பெயர் சூட்டினால் கண்டிப்பாக வரும்.

2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. உற்பத்தியாளர் அங்கீகாரம் வாங்கிய அமைப்பிலிருந்து விலகும்படி மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்பது தீர்ப்பு. ‘ஆர்.டி.ஓ. ஆபீஸில் பேசிச் சரிபண்ணித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டம் கொடுக்காத அனுமதியை எந்த அலுவலகமும் எழுதித் தர முடியாது.

தண்டனை 182ஏ பிரிவின் 4-வது உட்பிரிவில் இருக்கிறது. அனுமதியில்லாத பாகத்தைப் பொருத்தி வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொல்லைப் பலர் கவனிப்பதே இல்லை. வண்டியில் மூன்று இடத்தில் கைவைத்திருந்தால் மூன்று தடவை கணக்குப் போடலாம். இது சட்டம் வகுத்த தண்டனை. பல குற்றங்களுக்கு நீதிமன்றம் போகாமலே கட்டி முடிக்கும் இணக்கக் கட்டணத்தை அந்தந்த மாநில அரசு நிர்ணயிக்கிறது. அதனால் சலானில் வரும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

இனி சைலன்சர். இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள்.

புல்லட்காரர்களுக்கு அந்த ‘டப் டப்’ ஒரு பைத்தியம். யமஹா ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவரிடம் சத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பொழுது சாய்ந்துவிடும். 98 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் கீச்சல் அவர்களுக்குச் சங்கீதம். அந்த ஆசையை நான் கேலி செய்யவில்லை, எனக்கும் இருந்தது. ஆனால் சட்டத்தின் அளவுகோல் டெசிபல். புது மோட்டார் சைக்கிளுக்கான சத்த வரம்பு 80 சிசி வரை 75 டெசிபல், 80-க்கு மேல் 175 சிசி வரை 77, அதற்கும் மேல் 80. ‘ஆப்பில் பார்த்தேன், 85தான் காட்டுது, அஞ்சு கூடினா என்ன’ என்று புகைக்குழாய் வாயில் மொபைலை நீட்டி அளப்பவர்கள் உண்டு. அந்த 80 அப்படி அளந்தது கிடையாது. சோதனைத் தடத்தில் வண்டி கடந்து போகும்போது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளந்த கணக்கு அது. பக்கத்தில் வைத்து அளந்த எண்ணையும் அதையும் ஒப்பிடவே முடியாது. அதோடு டெசிபல் மடக்கை அளவு. மூன்று டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

சத்தமோ புகையோ வரம்பு மீறினால் 190-வது பிரிவின் 2-வது உட்பிரிவு பாயும். முதல் தடவைக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு ஓட்டுநர் உரிமம் 3 மாதத்துக்குச் செல்லாது. பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் இந்த மூன்று மாதத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு அபராதத்தைவிட அதுதான் பெரிய அடி.

2020 ஏப்ரலுக்குப் பிறகு, பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்த வண்டிகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சைலன்சர் பாதையில்தான் இருக்கிறது. இன்ஜினிலிருந்து சைலன்சர் வரை ‘ஃபுல் சிஸ்டம்’ மாற்றினால் பெரும்பாலும் அதுவும் சேர்ந்து போய்விடும். அப்புறம் டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும், மைலேஜ் அடிவாங்கும், புகைச் சான்றிதழும் சந்தேகமாகிவிடும். சைலன்சர் வாயில் செருகும் டிபி கில்லர் போட்டால் சத்தம் குறையும், புகைக் கணக்கை அது தொடாது. பல சைலன்சர் பெட்டிகளில் ‘பொதுச்சாலைக்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். விற்றவர் அத்தோடு தப்பித்துக்கொள்வார். 190-வது பிரிவு பேசுவது பொது இடத்தைப் பற்றி மட்டுமே. எனவே அந்தச் சைலன்சரின் முழுத் தொண்டையையும் கேட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கு சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடமும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன. ஆனால் அங்கே வண்டியை வேனிலோ ட்ரெய்லரிலோ ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஓட்டிக்கொண்டு போனால் வழியெல்லாம் பொதுச்சாலைதான்.

நம்பர் பிளேட்டில் வாதத்துக்கே இடமில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் எல்லாப் புது வண்டிக்கும் உயர் பாதுகாப்புப் பிளேட் கட்டாயம். டூ வீலருக்கு முன்பக்கம் 285க்கு 45 மில்லிமீட்டர், பின்பக்கம் 200க்கு 100. அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசர் எண், ஒருமுறை பூட்டினால் உடைத்துத்தான் எடுக்க முடிகிற பூட்டு என்று எல்லாம் இருக்கும். அதைக் கழற்றிவிட்டுச் சாய்வெழுத்துப் பிளேட் மாட்டினால் சொல்வதற்குப் பதில் எதுவும் கிடையாது. பதிவெண் ஆங்கில எழுத்திலும் 1, 2, 3 என்ற எண்களிலும்தான் இருக்க வேண்டும் என்கிறது விதி. ‘தநா’ என்று தமிழில் எழுதுவதில் உள்ள பாசம் புரிகிறது, ஆனால் அது பதிவெண்ணாகச் செல்லாது. தலைவர் படம், சாதிப் பெயர், ‘பிரஸ்’, ‘வக்கீல்’ எதற்கும் பிளேட்டில் இடமில்லை. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து பார்க்க அழகுதான். ஆனால் அது வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் வண்டிக்கான அடையாளம்.

நிறம் மாற்றுவது அவ்வளவு பெரிய குற்றமல்ல. வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவாகியிருப்பதால், மாற்றினால் அங்கேயும் திருத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முழு வண்டிக்கும் ‘ராப்’ (wrap) ஸ்டிக்கர் ஒட்டினாலும் இதையே செய்துவிடுவது நல்லது. ஒரே ஒரு நிறத்துக்கு மட்டும் கதவு அடைத்திருக்கிறது. ராணுவத்தின் ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர யாரும் அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-வது விதி சொல்கிறது. பழைய புல்லட்டைப் பட்டாளத்து வண்டி மாதிரி ஆக்க நினைப்பவர்கள் பெயின்ட் வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

கழற்றக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடி, கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் சேலை கார்டு மூன்றும் 123-வது விதிப்படி கட்டாயம். துப்பட்டா சக்கரத்தில் சுற்றி நடந்த விபத்தைப் பார்த்தவர்கள் அந்தக் கம்பியை அசிங்கம் என்று சொல்ல மாட்டார்கள். பக்கக் கண்ணாடியும் அப்படியே. 2017 ஏப்ரலிலிருந்து வரும் வண்டிகளில் ஹெட்லைட் தானாகவே எரிய வேண்டும். அதை அணைக்கத் தனி சுவிட்ச் வைப்பதும் தவறுதான். முன்பக்கம் சிவப்பு விளக்கு கூடாது, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு போன்றவை நீங்கலாகப் பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு கூடாது.

தூரப் பயணம் போகிறவர்களுக்கான பெட்டி விஷயத்தில் 2020-இல் ஒரு தெளிவு வந்தது. நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்குள் இருக்கும் இலகுவான பெட்டியைப் பின்னால் பொருத்தலாம். பின்சீட்டு இடத்தையே பெட்டி பிடித்துக்கொண்டால் ஓட்டுபவர் மட்டும்தான் போகலாம்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் வழிகளும் உண்டு. இன்ஜின் பழுதாகி வேறு இன்ஜின் போட வேண்டுமானால் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி, அப்புறம்தான் மெக்கானிக். நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பெட்ரோல் வண்டியை மின்சாரத்துக்கு மாற்றலாம், ஆனால் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்பு அங்கீகரித்த கிட்டாக இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் தங்கள் ஸ்கூட்டரில் இணைப்புச் சக்கரம் பொருத்திக்கொள்வதற்கு 52-வது பிரிவிலேயே இடம் இருக்கிறது. உரிய நிபந்தனைப்படி செய்து ஆர்.சி.யில் ஏற்றிவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

இதற்கெல்லாம் கையில் இருக்க வேண்டியவை ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், வாங்கிய பாகத்தின் பில். வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துபூர்வச் சம்மதமும் வேண்டும். போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு வண்டியை நேரில் காட்ட வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது நம்மூர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’, சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஒத்துப் பார்ப்பார்.

அரைநூற்றாண்டு தாண்டிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தனி வாசல். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிதாக எதையும் மாற்றாத டூ வீலரை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம் என்று 2021 ஜூலையில் விதி வந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், பிளேட்டில் ‘வி.ஏ.’ எழுத்து வரும். பழைய ஜாவா, பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குக் கௌரவம்தான். ஆனால் கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரியான காரியங்களுக்கு மட்டுமே எடுக்கலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. வண்டியை அலங்கரித்துத் தன் அடையாளம் போடாமல் அப்படியே விட்டு வைத்தவருக்குக் கிடைக்கும் பட்டம் இது.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கூடுதலாகப் பொருத்தியதைப் பாலிசியில் சொல்லாமல் விட்டால், சொந்தச் சேதத்துக்கான கிளெய்மை நிறுவனம் மறுக்கவோ குறைக்கவோ காரணம் கிடைத்துவிடும். விளக்கு, பெட்டி போன்றவற்றைப் பாலிசி எடுக்கும்போதே சேர்த்துக்கொள்ளலாம். கூடுதல் பிரீமியம் பெரிதாக இராது.

உண்மையில் பலர் சிக்குவது ரோட்டில்கூட இல்லை, பதினைந்தாவது வருடத்தில். அப்போது ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆர்.எக்ஸ். 100 சேசிஸில் 135 இன்ஜின் உட்கார்ந்திருந்தால் அங்கேதான் வெளியே வரும். நானும் ஒரு தடவை பழைய வண்டி வாங்கி, விற்றவர் போன இன்ஜினுக்குப் பதில் வேறொன்று போட்டிருந்ததைப் பல மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். விற்றவரின் போன் அதற்குள் ‘சுவிட்ச் ஆஃப்’. அதனால் செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகும்போது ஒரு பென்சிலும் வெள்ளைத்தாளும் எடுத்துக்கொண்டு போங்கள். சேசிஸ் எண்மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுங்கள், இன்ஜின் எண்ணையும் அப்படியே எடுங்கள், இரண்டையும் ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். அட்வான்ஸ் அதற்கப்புறம். ஒரிஜினல் சைலன்சரும் சேலை கார்டும் எங்கே என்றும் கேளுங்கள். ‘பரண்ல இருக்கு’ என்றால், இறக்கித் தரச் சொல்லி வண்டியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.