வரிசை மாறினால் அது பொய்யாகிவிடாது

விபத்தில் சிக்கியவர்களோ தாக்குதலுக்கு ஆளானவர்களோ சிகிச்சைக்கு வரும்போது, கூட வரும் குடும்பத்தார் என்னைத் தனியாக அழைத்துக் கேட்பதுண்டு: "நடந்ததைப் பத்தி நேத்து ஒண்ணு சொன்னாங்க, இன்னைக்கு வேற சொல்றாங்க. எதை நம்புறது டாக்டர்?" இந்தச் சந்தேகம் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிந்துவிடும். பலர் அதோடு பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சொல்வது மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பொய்யல்ல, பயத்தில் நினைவு பதியும் விதம்.

பயம் தாக்கும் நொடியில் ஆபத்தை உணரும் மூளைப் பகுதியான அமிக்டலா முடுக்கிவிடப்படுகிறது. நார்அட்ரினலின், கொஞ்சம் தாமதமாகக் கார்டிசால் என அழுத்த நேரத்து வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. கவனமெல்லாம் ஆபத்தின் மேல் குவிவதால் அது ஆழமாகப் பதிகிறது, சுற்றியிருந்தவை மங்கிப்போகின்றன. எங்கே, எப்போது, எதற்குப் பிறகு எது என்று கோத்து வைப்பது ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி. கடும் அழுத்தத்தில் அந்த வேலை தடுமாறலாம். அதனால்தான் பெட்ரோல் வாடையையும் டயர் தேய்ந்த சத்தத்தையும் இப்போது நடப்பதுபோலச் சொல்பவர், தன்னை வண்டியிலிருந்து வெளியே எடுத்தது யார் என்று கேட்டால் திகைத்துப்போகிறார்.

உடல் வேறு வழியிலும் நினைவு வைக்கும். புதிய நினைவுகளைத் தக்கவைக்க முடியாத ஒரு பெண்ணைப் பற்றி 1911இல் சுவிஸ் உளவியலாளர் எதுவார் கிளாபரேட் எழுதினார். தன் விரலிடுக்கில் ஊசியை மறைத்து அந்தப் பெண்ணின் கையில் குத்தினார். (இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.) குத்தியது அந்தப் பெண்ணுக்கு நினைவில்லை. ஆனாலும் மறுபடி கிளாபரேட் கை நீட்டியபோது அந்தப் பெண் தன் கையை இழுத்துக்கொண்டார்.

சரி, சொல்லும்போது ஏன் மாறுகிறது? ஒவ்வொரு முறை நினைவுகூரும்போதும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது. நினைவுகூரப்பட்ட பய நினைவு சிறிது நேரம் இளகி, மறுபடி உறுதிப்பட வேண்டியிருப்பதை 2000இல் நரம்பியல் ஆய்வாளர்கள் கரீம் நாடரும் ஜோசப் லெடூவும் எலிகளில் காட்டினார்கள். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே மாணவர்களிடம் அந்தச் செய்தி எப்படித் தெரியவந்தது என்று எழுதி வாங்கினார் உளவியலாளர் உல்ரிக் நைசர். இரண்டரை ஆண்டு கழித்துக் கேட்டபோது பலர் சொன்னது வேறு. ஆனால் அடித்துச் சொன்னார்கள்.

ஆகவே துருவித் துருவிக் கேட்காதீர்கள். "அவன் சிவப்புச் சட்டைதானே போட்டிருந்தான்?" என்று நீங்கள் எடுத்துக் கொடுப்பது அவர் நினைவிலேயே கலந்துவிடலாம். அவராகச் சொல்ல வரும்போது கேளுங்கள், தேவைப்பட்டால் அவர் சொன்ன சொற்களிலேயே குறித்து வையுங்கள். கெட்ட கனவுகளும், சம்பவம் திரும்ப நடப்பது போன்ற உணர்வும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். இதற்கென்றே பயன் நிரூபிக்கப்பட்ட பேசிக் குணப்படுத்தும் உளவியல் சிகிச்சைகள் இருக்கின்றன.