காற்றுக்கு மறைவு, அலைக்கு?

வெப்பமண்டலக் கடலில் பெரும்பாலும் கிழக்குக் காற்றுதான். பூமத்திய ரேகைக்கு வடக்கே வடகிழக்கிலிருந்தும் தெற்கே தென்கிழக்கிலிருந்தும் வீசும் வியாபாரக் காற்று. ஆகவே தீவின் மேற்குப் பக்கம் ஒதுங்கி நங்கூரம் போட்டால் நிம்மதி என்று பாய்மரப் படகில் புதிதாகப் போகிறவர் நினைப்பார். மாலையில் தண்ணீரும் குளம் மாதிரிதான் கிடக்கும். நள்ளிரவில் படகு இரு பக்கமும் உருள, அலமாரிக்குள் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

இது எங்கோ தொலைவில் அடித்த புயல் கிளப்பிவிட்ட நீண்ட அலையின் வேலை. கடலின் ஆழம் அலைநீளத்தில் பாதிக்கும் கீழே இறங்கினால் அலைக்குத் தரை தட்டுப்படும், வேகம் குறையும். 12 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கு ஆழ்கடலில் நீளம் சுமார் 225 மீட்டர். அப்படியானால் 110 மீட்டர் ஆழத்திலேயே அது தரையை உணர்ந்துவிடும். கரையோரமாக வரும் பகுதி தளர்கிறது, ஆழத்தில் வரும் பகுதி தளரவில்லை. ஒரு மாடு சோர்ந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுபடுமே, அதுபோல் அலை கரைப்பக்கம் வளைகிறது. தீவின் இரண்டு முனைகளையும் சுற்றிக்கொண்டு, நாம் 'மறைவு' என்று நினைத்த இடத்துக்கே வந்து சேர்கிறது. மார்ஷல் தீவுகளின் மாலுமிகள் இதைக் குச்சிகளைக் கட்டியே வரைபடமாக்கினார்கள்: வளைந்த குச்சி அலை, சிப்பி தீவு.

படகின் அணியம், அதாவது முன்முனை, காற்றைப் பார்த்து நிற்கும். சுற்றி வந்த அலையோ விலாவில் அடிக்கும். பின்பக்கம் இன்னொரு நங்கூரம் போட்டு அணியத்தை அலைக்கு நேரே திருப்பினால் உருளல் அடங்கும்.

அதைவிட நல்லது பவளத்திட்டின் பின்னால் போய் நிற்பது. காற்று முகத்தில் அறையும், ஆனால் அலை திட்டின்மேல் உடைந்து செத்துவிடுவதால் தண்ணீர் தட்டையாக இருக்கும். காற்றடிக்கும் பக்கத்தில்தான் நல்ல தூக்கம் என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறும்போது திட்டின்மேல் தண்ணீர் கூடி, சில மணி நேரம் அலை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். நன்னீரிலும் வண்டலிலும் பவளம் வளராது என்பதால், உள்ளே நுழையும் வாசல் பல இடங்களில் ஆற்று முகத்துக்கு எதிரே இருக்கும். வெயில் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கும்போது நுழைய வேண்டும்: கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு நிறம் தெரிந்தால் பாறை.

நங்கூரத்தை மணலில் போடுங்கள். ஓதம் ஏறியபின் 6 மீட்டர் ஆழம், அணியத்தின் உயரம் 1 மீட்டர் என்றால், ஐந்து மடங்காக 35 மீட்டர் சங்கிலி. இழுப்பு தரையோடு படுத்தால்தான் நங்கூரம் மணலைக் கவ்வும்.

கரையையும் ஒரு பார்வை பாருங்கள். செங்குத்தான, பவளத்துண்டுகள் குவிந்த கரை என்றால் அங்கே அலை அடிக்கிறது. அலையாத்திக் கன்று வேர்விட்டிருந்தால் அடிப்பதில்லை. அலையை ஆற்றுவதால்தான் மரத்துக்கு அந்தப் பெயரே. சூறாவளி வருகிறதென்றால் அனுபவசாலிகள் ஒளியத் தேடுவதும் அலையாத்தி சூழ்ந்த உப்பங்கழிகளைத்தான், கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு.